மாப்பிள்ளையின் கன்னம்

புதுக்கோட்டையைத் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டில் வேன் வேகம் பிடித்ததும் முதலில் சூட்டை உணர்ந்தவர் வீரய்யா சித்தப்பாதான். அவர் உட்கார்ந்திருந்த இடம் அப்படி. அந்தப் பழைய வேனில் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில் இஞ்சின் பெட்டி. அதன்மேல் ஜமுக்காளத்தை நாலாய் மடித்துப் போட்டு, ரோடு நன்றாகத் தெரியும் என்று நார்த்தாமலையில் ஏறும்போதே இடம் பிடித்துவிட்டார் மனுஷன். இப்போது நெளிந்தார். ஒரு பக்கம் தூக்கி உட்கார்ந்தார். பிறகு மறுபக்கம்.

"டேய் திருப்பதி, ஒன் வண்டி என்னைய இட்லி மாதிரி அவிக்கிதுடா."

"வைகாசி வெயிலு சித்தப்பா. ரோடே கொதிக்கிதுல்ல."

"வெயிலு மேலேருந்துல்ல வரும்? இது கீழேருந்துல்ல வருது!"

திருப்பதி அப்போதுதான் கவனித்தான். எந்நாளும் பாதியில் படுத்துக்கிடக்கிற டெம்பரேச்சர் ஊசி, சிவப்புக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

வேறொரு நாளாக இருந்தால் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதும், கோயில் குளம் என்று சனங்களைக் கூட்டிப்போவதுமாக இதே வேனை வைத்துப் பிழைக்கிறவன். ஆனால் இன்றைக்கு அவன் தாய்மாமன். கந்தர்வக்கோட்டையில் தங்கச்சி அமராவதியின் மகள் அன்புமொழிக்குக் காதுகுத்து. பன்னிரண்டு மணியோடு நல்ல நேரம் முடிகிறது. அதற்குள் குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்தாக வேண்டும்.

அந்த மடி கிடைத்ததே பெரும்பாடு. அதை ஏன் கேட்கிறீர்கள்! இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பதி வீடு கட்டிக் குடிபோனான். வாசலில் வைத்த ஃபிளெக்ஸில் சொந்தபந்தம் அத்தனை பேர் முகமும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார், கொத்தனார் இருந்தார், ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிங்கம்கூட இருந்தது. தங்கச்சி மாப்பிள்ளை கோபிநாத்தை மட்டும் காணோம். வேண்டுமென்றே விட்டதில்லை, சாமி சத்தியமாக மறந்துபோனது. மாப்பிள்ளை நம்பினால்தானே? "சிங்கத்துக்கு எடம் இருக்கு, எனக்கு எடம் இல்லையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். காய்ச்சின பாலைக் கையால் தொடவில்லை. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினவர்தான். அதோடு போக்குவரத்து நின்றுபோனது.

காதுகுத்துக்கு அண்ணனைக் கூப்பிட வேண்டும் என்று அமராவதி அழுதாள், அடம்பிடித்தாள், சோறு தின்ன மாட்டேன் என்றாள். ஒருவழியாக மாப்பிள்ளை இறங்கிவந்தார். அதிலும் ஒரு கண்டிஷன். நேரத்துக்கு வந்து சேர்ந்தால் திருப்பதியின் மடி. நேரம் தப்பினால், அந்த ஊரிலேயே இருக்கிற, திருப்பதிக்குப் பெரியப்பா மகனான சூர்யபிரகாஷின் மடி. சூர்யபிரகாஷ் அதற்காகப் பட்டுவேட்டியே எடுத்துவிட்டானாம்.

திருப்பதி யோசித்தான். ஃபிளெக்ஸால் வந்த வினையை ஃபிளெக்ஸாலேயே தீர்த்துவிடுவது என்று முடிவு கட்டினான். வேனின் முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே தொடங்கி பம்பர் வரைக்கும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ஒரே ஆள்: மாப்பிள்ளை கோபிநாத். பேச்சு இல்லாததால் புதுப் படம் கிடைக்கவில்லை, கல்யாணப் படத்தைத்தான் கொடுத்தான். கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருக்கும் படம். அச்சடித்தவர் தன் பங்குக்கு ஒரு கூலிங்கிளாசை மாட்டிவிட்டிருந்தார். மேலே 'தாய்மாமன் சீர் வருது, தள்ளி நில்லு' என்று கொட்டை எழுத்து. கீழே மூலையில் தபால்தலை அளவுக்குத் திருப்பதி. சிங்கம் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

நேற்றுச் சாயங்காலம் கம்பி போட்டு இறுக்கிக் கட்டி முடித்ததும், அவன் பெண்டாட்டி சொர்ணவல்லி அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பார்த்தது மட்டுமா, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ஒரு பதில் வேறு! இரண்டு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் விரல் அது. திருப்பதிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த விரலை வீட்டில் எல்லோருக்கும் காட்டினான், பக்கத்து வீட்டிலும் போய்க் காட்டிவிட்டு வந்தான்.

இப்படிப்பட்ட நாளில்தான் ஊசி சிவப்பில் நின்றது. ஒரு முந்திரித் தோப்பு ஓரமாக வேனை ஒதுக்கினான். நிறுத்தியதுதான் தாமதம், உள்ளேயிருந்து சொந்தபந்தம் பொலபொலவென்று இறங்கியது. இறங்கிய அத்தனை பேரும் மெக்கானிக் ஆனார்கள்.

"ஆயிலு கொறஞ்சிருக்கும்."

"டீசலு சரியில்ல. இப்பல்லாம் எவன் நல்ல டீசலு போடுறான்?"

"கண்ணு பட்டுருச்சு. அம்புட்டுப் பெருசா படம் வச்சா?"

வீரய்யா சித்தப்பா பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "தண்ணிய மறிச்சுக்கிட்டு நிக்கிற தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசு. எல்லாம் சரியாப் போயிரும்."

"சித்தப்பா, நீங்க பஸ்ஸுல கண்டக்டராத்தான இருந்தீங்க?"

"கண்டக்டருன்னா? டிரைவருக்குப் பின்னாடியே நின்னு எத்தன தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசுனதப் பாத்துருக்கேன் தெரியுமா?"

திருப்பதி இஞ்சின் பெட்டியின் மூடியைத் தூக்கினான். குப்பென்று ஆவி அடித்தது. இந்த வண்டியில் ஒரு சவுகரியம், எல்லாம் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் பெல்ட்டும் தண்ணீர் போகிற ஓசும் ரேடியேட்டர் மூடியும் கைக்கு எட்டும். முன்பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை. கீரனூர் மெக்கானிக் ஞானமணிக்குப் போனைப் போட்டான். இந்த வண்டியின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் ஞானமணிக்கு மனப்பாடம்.

"ரேடியேட்டரு மூடியத் தொறந்துறாத, மூஞ்சி வெந்துரும்," என்றார் ஞானமணி. "முதல்ல ஆறவிடு. பெறகு ஈரச்சாக்கப் போட்டு மெல்லத் திருகு. பெல்ட்டு எப்புடி இருக்கு?"

"டைட்டாத்தான் இருக்குண்ணே."

"ஓசுல ஒழுகுதா?"

"ஒரு சொட்டுக்கூட இல்ல."

"ஃபேனு சுத்துதா?"

"ஜம்முன்னு சுத்துது."

"இஞ்சின ஸ்லோவுல ஓடவிட்டுத் தண்ணிய கொஞ்சங்கொஞ்சமா ஊத்து. சூட்டோட சூடா பச்சத்தண்ணியக் கொட்டுனா ஹெட்டு வெடிச்சுரும். அப்பறம், முன்பக்கம் பாத்தியா? ரேடியேட்டரு மொகத்துல எல, சருகு, பிளாஸ்டிக் பை, எதாச்சும் அடச்சிக்கிட்டு இருக்கா?"

"ச்சேச்சே! முன்பக்கமெல்லாம் பளபளன்னு இருக்குண்ணே. நேத்துத்தான் தண்ணி அடிச்சுக் கழுவி, அலங்காரம் பண்ணி, கல்யாண மாப்ள கணக்கா வச்சிருக்கேன்."

"அப்பறம் என்னதான்டா?" என்று ஞானமணியே குழம்பிப்போனார். "சரி, ஊத்திட்டு மெதுவாப் போ. வந்து பாத்துக்கலாம்."

வண்டி ஆறுவதற்குள் திருப்பதி கொதித்துப்போனான். பிறகு இஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். கொண்டுவந்த கேன் பாதிக்கு மேல் காலி. அந்த நேரத்தில் முன்பக்கம் போய்ப் படம் எடுத்துவிட்டு வந்த சொர்ணவல்லி முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க, கோபிநாத் அண்ணன் மொகம் ஒரு மாதிரி வாடிப்போயிருக்கே? காலைல நல்லா இருந்துச்சு."

"ரெண்டு வருசக் கோவம்டி. போட்டோவுலயும் வரத்தான் செய்யும். ஏறு, ஏறு."

சீர்த்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். இந்தத் தடவை இஞ்சின் பெட்டிமேல் உட்கார வீரய்யா சித்தப்பா தயாராக இல்லை. அந்த இடத்தில் சீருக்குக் கொண்டுவந்த பலாப்பழத்தை வைத்தார்கள். பெருங்களூர் வரைக்கும் ஊசி மரியாதையாக இருந்தது. திருப்பதி மனசுக்குள் குலசாமிக்குக் கிடாய் நேர்ந்துகொண்டான். ஊரைத் தாண்டி, ரோடு காலியாகக் கிடக்கிறதே என்று காலை அழுத்தினான். அழுத்தியதும் ஊசி கிடுகிடுவென்று ஏறியது. வண்டிக்குள் பலாப்பழ வாசனை தூக்கியது.

அந்த நேரம் பார்த்து அமராவதி போன் பண்ணினாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது, யார் யாரோ இருமுகிற சத்தமும் கேட்டது.

"அண்ணே, எங்க வார?"

"வந்துட்டேன்த்தா, இந்தா ஆதனக்கோட்டை."

"ஆசாரி வந்து உக்காந்துட்டாருண்ணே. சூர்யபிரகாஷ் பட்டுவேட்டியோட மணையச் சுத்திச்சுத்தி வாரான். இங்கிட்டு வேற ஒரே ரகளையாக் கெடக்கு, அத வந்து பேசிக்கலாம். எம்புள்ள ஒன் மடியிலதாண்ணே உக்காரணும். இன்னைக்கி விட்டா இவுக ஆயுசுக்கும் பேச மாட்டாக."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. தங்கச்சியைத் தோளில் தூக்கி வளர்த்தவன் திருப்பதி. அவள் வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆயிற்று. அன்புமொழி நடக்கப் பழகினதையும் பேசப் பழகினதையும் அவன் போனில்தான் பார்த்தான், அதுவும் மாப்பிள்ளைக்குத் தெரியாமல்.

ஆதனக்கோட்டையில் முந்திரி வறுக்கிற கொட்டகைகளுக்கு எதிரே வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. புஸ்ஸென்று பெட்டி இடுக்கெல்லாம் ஆவி. வறுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, கேட்காமலேயே ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"தெர்மோஸ்டாட்டு..." என்று தொடங்கினார் வீரய்யா சித்தப்பா.

"சின்ன மாமா, இன்னொரு தடவ அந்தப் பேரச் சொன்னீங்க, ஒங்களக் கழட்டி இங்கயே வீசிட்டுப் போயிருவோம்," என்றாள் சொர்ணவல்லி. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, அந்தா பஸ் வருது. நீங்க மட்டும் ஏறிப் போங்களேன். மடிதான வேணும்? நாங்க பின்னாடி வாரோம்."

திருப்பதி பஸ்ஸைப் பார்த்தான். ஒரு நிமிஷம் கால்கூட எழுந்தது. "மாப்ள அந்த ஃபிளெக்ஸப் பாத்துட்டுத்தானடி வெரலக் காட்டுனாரு? வெறுங்கையோட பஸ்ஸுல போயி எறங்குனா, இதையும் மறந்துட்டான்னு சொல்லுவாரு."

பஸ் போய்விட்டது. ஆவி அடங்கியதும் ஈரச்சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தார்கள். சித்தப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றினார்கள். அப்படியும் ஊசி இறங்க மனசில்லாமல் அங்கேயே நின்றது. திருப்பதிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யாரிடம் காட்டுவது? விறுவிறுவென்று வேனுக்கு முன்னால் போனான். மாப்பிள்ளையின் படத்துக்கு நேரே நின்று கும்பிட்டான்.

"மாப்ள, ஒங்களுக்காகத்தானய்யா இம்புட்டும்! நீங்களே இப்புடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா நான் எங்கய்யா போவேன்?"

சும்மா சொல்லவில்லை, மாப்பிள்ளை உண்மையாகவே மூஞ்சியைத் தூக்கித்தான் வைத்திருந்தார். காலையில் உப்பியிருந்த கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிப்போய், எலும்பு எடுத்து, பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி இருந்தார். வாய் ஒடுங்கி, ஸ்ட்ராவில் எதையோ உறிஞ்சுகிற மாதிரி குவிந்திருந்தது. சொர்ணவல்லி சொன்னது சரிதான்.

"சித்தப்பா, இஞ்சின ஆஃப் பண்ணுங்க. எரையாதீங்க, நான் இங்க பேசிக்கிட்டு இருக்கேன்."

சித்தப்பா சாவியைத் திருப்பினார். பொத்தென்று ஒரு சத்தம். மாப்பிள்ளையின் கன்னம் உப்பிவிட்டது!

திருப்பதி ஒரு எட்டு பின்னால் போனான். கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"சித்தப்பா, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

உர்ரென்று இஞ்சின் உறுமியது. சர்ரென்று கன்னம் உள்ளே போனது.

"ஆஃப் பண்ணுங்க!"

பொத். உப்பல்.

"ஆன்!"

ஒட்டல்.

"என்னடா, என்னைய வச்சு வெளையாடுறியா?" என்று கத்தினார் சித்தப்பா. திருப்பதிக்கு அது காதிலேயே விழவில்லை. அவன் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். இஞ்சினுக்குக் காற்று வருகிற வழி மாப்பிள்ளையின் மூக்குக்கு நேர் பின்னால் இருக்கிறது. உள்ளே இருக்கிற ஃபேன் காற்றுக்குத் தவித்து மாப்பிள்ளையின் கன்னத்தைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ரேடியேட்டர் முகத்தில் எதாவது அடைத்திருக்கிறதா என்று ஞானமணி கேட்டபோது பளபளவென்று இருக்கிறது என்று சொன்னவன் அவனேதான். மாப்பிள்ளை முகத்தை அடைப்பு என்று யாருக்குத் தோன்றும், சொல்லுங்கள்?

"அடப் பாவி மனுசா!" என்று தன்னையே திட்டிக்கொண்டான். பிறகு சிரிப்பு வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சொர்ணவல்லி பயந்துபோய் ஓடிவந்தாள். வெயிலில் மண்டை கலங்கிவிட்டது என்றே நினைத்துவிட்டாள். அவளுக்கும் ஒரு தடவை இஞ்சினைப் போட்டு நிறுத்திக் காட்டினார்கள். பிறகு அவளும் சிரித்தாள். முந்திரி வறுத்தவர்களும் அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்துச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் பிரச்சினை ஆரம்பித்தது. ஃபிளெக்ஸை என்ன செய்வது?

"நடுவுல ஓட்டை போட்டுருவோம்," என்றார் சித்தப்பா.

"எங்க? மூக்குலயா, வாயிலயா?"

"பக்கவாட்டுல கட்டுவோம்."

"சன்னல மூடிப்புட்டா நாங்க எங்கிட்டு மூச்சு விடுறது?" என்று பின்சீட்டுப் பெண்கள் சத்தம் போட்டார்கள்.

திருப்பதி கடைசியில் முடிவெடுத்தான். "இப்ப கழட்டுவோம். கந்தர்வக்கோட்டைல மண்டபத்துக்கு முன்னாடியே நிறுத்தித் திரும்பக் கட்டுவோம். மாப்ளைக்குத் தெரியவே கூடாது. யாராச்சும் வாயத் தொறந்தீங்க, நடந்துதான் ஊரு திரும்பணும்."

கட்டிங் பிளேயரால் கம்பிகளை அறுத்து, மாப்பிள்ளையைச் சுருட்டி, பலாப்பழத்துக்குப் பக்கத்தில் சாத்தினார்கள். வேன் கிளம்பியது. ஊசி சிவப்பை விட்டு நகர்ந்தது. பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சொர்ணவல்லி, "எறங்குது, எறங்குது!" என்றாள். முக்காலுக்கு வந்தது. பாதிக்கு வந்தது. திருப்பதி காலை அழுத்தினான். ஊசி அசையவில்லை. பாதியில், எந்நாளும் போல, சாதுவாகப் படுத்துக்கொண்டது. பெண்கள் குலவை போட்டார்கள். கண்ணாடி வழியாக வந்த காற்று எல்லோர் தலையையும் கலைத்தது, ஒருத்தர்கூடக் கண்ணாடியை ஏற்றவில்லை. திருப்பதி ஹாரனை அடித்துக்கொண்டே போனான். எதிரே ஒரு மாடுகூட இல்லை, சும்மா சந்தோஷத்துக்கு அடித்தான்.

கந்தர்வக்கோட்டைக்குள் நுழையும்போது பன்னிரண்டுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. மண்டபம் இருக்கிற தெரு முக்கில் ஒரு புளியமரம். அதன் மறைவில் வண்டியை நிறுத்தினார்கள். நாலு பேர் குதித்து இறங்கி ஃபிளெக்ஸை விரித்தார்கள். அவசரத்தில் தலைகீழாக விரித்தார்கள். வீரய்யா சித்தப்பா மாப்பிள்ளையின் மீசைமேல் ஏறி நின்றுகொண்டு கம்பியைத் தேடினார்.

திருப்பதி யாராவது பார்க்கிறார்களா என்று மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மண்டபத்தின் ரோட்டுப் பக்கச் சுவரில் ஒரு ஃபிளெக்ஸ். சுவர் முழுக்க ஒரே முகம். திருப்பதியின் முகம். 'எங்கள் குலம் காக்கும் தாய்மாமன் திருப்பதி அவர்களே வருக' என்று கொட்டை எழுத்து. ஏணி ஒன்று சாத்தியிருந்தது. ஏணி உச்சியில் பட்டுச்சட்டை போட்ட ஒருத்தர், தேங்காய் வெட்டுகிற அரிவாளால் திருப்பதியின் மூக்கை அறுத்துக்கொண்டிருந்தார். அது மாப்பிள்ளை கோபிநாத்.

திருப்பதிக்கு நெஞ்சு விட்டுப்போனது. நேரமாகிவிட்ட கோபத்தில் முகத்தையே வெட்டி எறிகிறார் என்றுதான் நினைத்தான். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு இப்படி மூக்கறுப்பா? "மாப்ள!" என்று கத்திக்கொண்டே மரத்தின் மறைவிலிருந்து வெளியே வந்தான்.

கோபிநாத் ஏணி மேலிருந்து திரும்பினார். அந்த உயரத்திலிருந்து புளியமரத்துக்குப் பின்னால் நடப்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வேனின் முகம் வெறுமையாக இருந்தது. அவருடைய படம் தலைகீழாகத் தரையில் கிடந்தது. அதன் மீசைமேல் செருப்புக் காலோடு ஒரு பெரியவர் நின்றார்.

"மச்சான்!" என்றார் கோபிநாத். "என் மொகத்த எதுக்கு மச்சான் கழட்டுனீங்க?"

"என் மொகத்த எதுக்கு மாப்ள அறுக்குறீங்க?"

"பொக!"

"சூடு!"

இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. இரண்டு பேருக்கும் மற்றவர் சொன்னது புரியவில்லை. மண்டப வாசலில் நின்ற கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமியது. அப்போதுதான் திருப்பதி கவனித்தான், உள்ளே இருக்க வேண்டிய சனமெல்லாம் வெளியே நின்றது. நாதஸ்வரக்காரர்கூட வாசித்தபடி வெளியே வந்துவிட்டார். அவன் மூக்கு இருந்த இடத்தில் கோபிநாத் அறுத்த ஓட்டையிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

அமராவதி ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்தாள். சிரிப்பும் அழுகையுமாக மூச்சு வாங்கினாள்.

"நேத்து அண்ணி ஸ்டேட்டஸப் பாத்தாருண்ணே. பாத்ததுலேருந்து மனுசனுக்கு இருப்புக் கொள்ளல. எம்மொகத்த அம்புட்டுப் பெருசாப் போட்டுருக்காரே, நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்னு, ராத்திரியோட ராத்திரியா அடிக்கச் சொல்லி, விடியக்காலைல கட்டுனாரு. ரோட்டப் பாத்த செவருன்னா இது ஒண்ணுதான். அதுதான் சமையக்கட்டுச் செவரு. சன்னல மூடிட்டாரு. வெறகடுப்புப் பொகை பூராம் மண்டபத்துக்குள்ள! ஆசாரிக்கிக் கண்ணே தெரியல, எப்புடி ஊசியப் புடிப்பாரு? அதான் காதுகுத்தே நிக்கிது."

திருப்பதி தன் கதையைச் சொல்லத் தொடங்கினான். பாதி சொல்வதற்குள் கன்னம் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. கோபிநாத் ஏணியில் நின்றபடி கேட்டார். முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மனுஷன் ஏணியையே கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலு பேர் கீழே ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சிங்கத்தையே போட்டுருக்கலாம் மச்சான்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது பொளந்த வாயி வழியாக் காத்தாச்சும் வந்திருக்கும்."

"எறங்கி வாங்க மாப்ள, நேரம் போகுது!"

புகை வெளியேற வழி கிடைத்ததும் மண்டபம் தெளிந்தது. சீர்த்தட்டுகள் உள்ளே போயின. பலாப்பழம் பாதி வெந்து மணத்துக்கொண்டு போனது. சூர்யபிரகாஷ் பட்டுவேட்டியைத் தடவிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான். பாவம், நல்ல வேட்டி. அமராவதி குழந்தையைத் தூக்கிவந்தாள். அன்புமொழி மாமனை நேரில் பார்த்துப் பழக்கமில்லாதவள். முறைத்துப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் கையைக் காட்டினாள். திரும்ப அவனைப் பார்த்தாள்.

"மூக்கு இருக்கு," என்றாள்.

மண்டபமே சிரித்தது. திருப்பதி மணையில் உட்கார்ந்தான். குழந்தை மறுபேச்சு இல்லாமல் மடியில் ஏறிக்கொண்டது. இரண்டு வருஷமாக ஏங்கின கனம் அது. அவனுக்குக் கண் கலங்கியது. யாராவது கேட்டால் புகை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று துடைக்காமல் விட்டுவிட்டான்.

ஆசாரி ஊசியை எடுத்தார். ஒரு காது. வீல் என்று அலறினாள் அன்புமொழி. மாமனின் மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மறு காது. அழுகையில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் வேர்த்து, மூச்சுத் திணறினாள். கூட்டம் நாலாபக்கமும் நெருக்கியடித்து நின்றது. திருப்பதி தன் தோள்துண்டால் விசிறப் பார்த்தான். மீசை அவள் பிடியில் இருந்ததால் கை எட்டவில்லை.

"தள்ளுங்க, தள்ளுங்க, புள்ளைக்கிக் காத்து வரட்டும்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோபிநாத் வந்தார். கையில் சுவரில் அறுத்தெடுத்த ஃபிளெக்ஸ் துண்டு. அதில் திருப்பதியின் மூக்கும் பாதி மீசையும் இருந்தன. மச்சானுக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பெண்ணுக்கும் மச்சானுக்கும் சேர்த்து, அந்த மூக்காலேயே விசிறத் தொடங்கினார்.

காற்று ஜிலுஜிலுவென்று நன்றாக வந்தது.